டாக்டர் ஜாகிர் ஹுசைன்: பெர்லினில் படித்த பொருளாதாரமும் ஜாமிஆவுக்குக் கொடுத்த வாழ்வும்

பிளஸ் டூ தேர்வு முடிவு வந்ததும் நம் வீடுகளில் பேசப்படும் படிப்புகள் நான்கைந்துதான். மருத்துவம், பொறியியல், கம்ப்யூட்டர், பி.காம்., சி.ஏ. இவற்றைத் தாண்டி ஒரு பிள்ளை அரசியலோ பொருளாதாரமோ படிக்கிறேன் என்று சொன்னால், அதைப் படித்து என்ன வேலைக்குப் போவாய் என்ற கேள்விதான் முதலில் எழும். சர்வதேச அரசியல் பொருளாதாரம் என்ற பாடம் பல்கலைக்கழகங்களில் இருப்பதே நம்மில் பலருக்குத் தெரியாது.

ஆனால் அந்தப் பாடம் பேசும் விஷயங்கள் நம் வீட்டுக்குள்ளேயே இருக்கின்றன. வளைகுடாவிலிருந்து வாப்பாவோ காக்காவோ அனுப்பும் பணம் ரூபாயாக மாறும்போது கூடுவதும் குறைவதும் ஏன்? கச்சா எண்ணெய் விலை சரிந்தால் நம் பிள்ளைகளின் வேலைக்கு ஏன் ஆபத்து வருகிறது? ஐரோப்பாவில் விற்பனை மந்தமானால் ஆம்பூர், வாணியம்பாடி தோல் தொழிற்சாலைகளில் ஏன் வேலை குறைகிறது? வரியை, நாணயத்தை, எல்லையைத் தீர்மானிக்கிறவர்கள் யார்? அவர்கள் தீர்மானித்தால் யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம்? இவற்றையெல்லாம் சேர்த்துப் படிப்பதுதான் அந்தத் துறை. 1970களில் பிரிட்டனின் சூசன் ஸ்ட்ரேஞ்ச் போன்ற அறிஞர்களின் முயற்சியால் அது தனிப் பாடமாக உருப்பெற்றது. பொருளாதாரத்தையும் உலக அரசியலையும் தனித்தனி அறைகளில் வைத்துப் படிப்பது தவறு என்பதே அவர்களின் வாதம்.

அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே இந்தக் கேள்விகளோடு பெர்லின் போய்ப் படித்தவர் ஒரு முஸ்லிம் இளைஞர். பிற்காலத்தில் அவர் இந்தியாவின் குடியரசுத் தலைவரானார். டாக்டர் ஜாகிர் ஹுசைனை நாம் பெரும்பாலும் முதல் முஸ்லிம் குடியரசுத் தலைவர் என்ற ஒற்றை வரியில் நினைவு வைத்திருக்கிறோம். அவர் என்ன படித்தார், படித்ததை வைத்து என்ன செய்தார் என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொன்னோமா என்றால், அதிகம் சொல்லவில்லை.

யத்தீமாக வளர்ந்த சிறுவன்

1897 பிப்ரவரி 8 அன்று ஹைதராபாத்தில் பிறந்தார் ஜாகிர் ஹுசைன். பூர்வீகம் உத்தரப் பிரதேசத்தின் ஃபரூக்காபாத் மாவட்டத்திலுள்ள காயம்கஞ்ச். அஃப்ரீதி பட்டாணியர் குடும்பம். தந்தை ஃபிதா ஹுசைன் கான் ஹைதராபாத்துக்குக் குடிபெயர்ந்து வழக்கறிஞராகப் பெயர் பெற்றவர். ஏழு சகோதரர்களில் ஜாகிர் மூன்றாமவர்.

1907இல் தந்தை இறந்தார். அப்போது ஜாகிருக்கு வயது 10. குடும்பம் காயம்கஞ்சுக்குத் திரும்பியது. பிள்ளைகளின் படிப்பு எந்த நிலையிலும் நிற்கக் கூடாது என்பதில் தாய் நாஜ்னீன் பேகம் உறுதியாக இருந்தார். 1911இல் பிளேக் நோய் அந்தத் தாயையும் பறித்துக்கொண்டது. எட்டாவாவின் இஸ்லாமியா உயர்நிலைப் பள்ளி விடுதியில் தங்கிப் படித்த அந்தச் சிறுவனுக்குப் பள்ளியே வீடானது. தலைமை ஆசிரியர் சையத் அல்தாஃப் ஹுசைன் அவரது ஒழுக்கத்தையும் சிந்தனையையும் செதுக்கினார். ஒரு நல்ல ஆசிரியர் ஒரு யத்தீம் பிள்ளைக்கு என்ன செய்ய முடியும் என்பதை ஜாகிர் தம் சொந்த வாழ்விலேயே கண்டுகொண்டார்.

மருத்துவத்திலிருந்து பொருளாதாரத்துக்கு

இன்றைய நம் பெற்றோர்களைப் போலவே அன்றும் மருத்துவம்தான் முதல் தேர்வு. டாக்டராகும் எண்ணத்தில் லக்னோ கிறிஸ்தவக் கல்லூரியில் அறிவியல் பிரிவில் சேர்ந்தார் ஜாகிர். உடல்நலம் குன்றிப் படிப்பு பாதியில் நின்றது. பிறகு அலிகரின் முஹம்மதன் ஆங்கிலோ ஓரியண்டல் கல்லூரிக்கு வந்து கலைப் பாடங்களை எடுத்தார். 1918இல் பி.ஏ. முடித்தார். தொடர்ந்து எம்.ஏ. பொருளாதாரமும் சட்டமும் படித்துக்கொண்டே, அதே கல்லூரியில் பகுதிநேர விரிவுரையாளராகவும் பணியாற்றினார். பேச்சாற்றல் மிக்க மாணவர் என்று கல்லூரி முழுவதும் பெயர் இருந்தது. நல்ல அரசு உத்தியோகம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

1920 அக்டோபரில் எல்லாம் மாறியது. கிலாஃபத் இயக்கமும் ஒத்துழையாமை இயக்கமும் உச்சத்தில் இருந்த நேரம். காந்தியும் அலி சகோதரர்களும் அலிகருக்கு வந்து, ஆங்கிலேய அரசின் உதவி பெறும் கல்வி நிலையங்களைவிட்டு வெளியேறும்படி மாணவர்களை அழைத்தார்கள். பலர் தயங்கினார்கள். வெளியேறிப் போவது எங்கே என்ற நியாயமான கேள்வி இருந்தது. ஜாகிரும் நண்பர்களும் டெல்லிக்குப் போய் ஹகீம் அஜ்மல் கான் உள்ளிட்ட தலைவர்களைச் சந்தித்து, வெளியேறும் மாணவர்களுக்கென ஒரு தேசியக் கல்வி நிலையத்தை உருவாக்கும்படி கேட்டார்கள். 1920 அக்டோபர் 29 அன்று அலிகர் கல்லூரிப் பள்ளிவாசலில் ஜாமிஆ மில்லியா இஸ்லாமியா தொடங்கப்பட்டது. நோயுற்ற நிலையிலும் ஷைகுல் ஹிந்த் மவ்லானா மஹ்மூதுல் ஹஸன் வந்து தொடங்கிவைத்தார். ஹகீம் அஜ்மல் கான் வேந்தரானார். மவ்லானா முஹம்மது அலி ஜவ்ஹர் முதல் துணைவேந்தரானார். கூடாரங்களிலும் வாடகைக் கட்டடங்களிலும் வகுப்புகள் நடந்தன. 23 வயது ஜாகிர் கைக்கெட்டிய உத்தியோகத்தை விட்டுவிட்டு அங்கே ஆசிரியரானார்.

பெர்லின்: நாணயம் சிதைந்த நகரம்

1922இல் உயர்கல்விக்காக ஜெர்மனி புறப்பட்டார். இந்திய இளைஞர்கள் பலரும் லண்டனையும் ஆக்ஸ்ஃபோர்டையும் நாடிய காலத்தில் அவர் பெர்லினைத் தேர்ந்தெடுத்தார். பெர்லின் பல்கலைக்கழகத்தில் வெர்னர் சோம்பார்ட் கற்பித்துக்கொண்டிருந்தார். முதலாளித்துவம் எங்கிருந்து வந்தது, எப்படி வளர்ந்தது என்பதை வரலாறு, சமூகம், சட்டம், மதம் எல்லாவற்றோடும் சேர்த்து ஆராய்ந்தவர் அவர். சந்தையை வெறும் கணக்காகப் பார்க்காத அந்த அணுகுமுறை ஜாகிரின் சிந்தனையில் கடைசிவரை நிலைத்தது.

வகுப்பறைக்கு வெளியே அதைவிடப் பெரிய பாடம் நடந்துகொண்டிருந்தது. முதல் உலகப் போரில் தோற்ற ஜெர்மனி 13,200 கோடி தங்க மார்க் இழப்பீடு தர வேண்டும் என்று வெற்றி பெற்ற நாடுகள் 1921இல் நிர்ணயித்திருந்தன. தவணை தவறியதாகச் சொல்லி 1923 ஜனவரியில் பிரான்ஸும் பெல்ஜியமும் நிலக்கரி வளம் மிக்க ரூர் பகுதிக்குள் படையை அனுப்பின. அங்கே தொழிலாளர்கள் வேலை செய்ய மறுத்தார்கள். அவர்களுக்குக் கொடுக்க ஜெர்மன் அரசு நோட்டுகளை அச்சடித்துக்கொண்டே போனது. போருக்கு முன் ஒரு டாலருக்கு 4.2 மார்க். 1923 நவம்பரில் ஒரு டாலருக்கு 4.2 லட்சம் கோடி மார்க். ஆயுள் முழுவதும் சேமித்த பணத்தில் ஒரு ரொட்டிகூட வாங்க முடியாத நிலைக்கு நடுத்தரக் குடும்பங்கள் வந்தன. புதிய நாணயமும், 1924இல் அமெரிக்கக் கடனோடு வந்த டாவ்ஸ் திட்டமும்தான் நிலைமையை ஓரளவு சீராக்கின.

அரசியல் ஒப்பந்தம் ஒன்று எளிய மனிதனின் சட்டைப்பையை எப்படிக் காலி செய்யும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எந்தப் பாடப்புத்தகத்திலும் கிடைக்காது. அந்த ஆண்டுகளில் பெர்லினில் பொருளாதாரம் படித்தவர் ஜாகிர்.

அவர் முனைவர் பட்ட ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது பிரிட்டிஷ் இந்தியாவின் வேளாண் அமைப்பு. நிலம் யார் கையில் இருக்கிறது, வரி எப்படி வசூலாகிறது, உழுகிறவனுக்கு என்ன மிஞ்சுகிறது என்பவைதான் அதன் மையம். ஐரோப்பாவில் இருந்தபோதும் அவர் சிந்தித்தது இந்திய விவசாயியைப் பற்றித்தான். 1926இல் மிக உயர்ந்த தகுதியோடு முனைவர் பட்டம் கிடைத்தது.

படிப்பின் நடுவே இன்னொன்றும் செய்தார். மிர்ஸா காலிபின் உருதுக் கவிதைத் தொகுப்பை பெர்லினிலிருந்த காவியானி அச்சகத்தில் அழகிய சிறு நூலாகக் கொண்டுவந்தார். அச்சுக் கோர்ப்பதைக் கற்றுக்கொண்டு, எழுத்துகளைத் தம் கையாலேயே கோர்த்தார். கைத்தொழிலும் கல்வியும் வேறு வேறல்ல என்று பின்னாளில் அவர் வாதாடியதற்கான வித்து இங்கே விழுந்திருக்கலாம்.

உருதுவில் ஒரு பொருளாதார நூல்

ஜாகிர் ஹுசைன் உருதுவில் மொழிபெயர்த்த நூல்களில் பிளேட்டோவின் குடியரசு பலருக்கும் தெரியும். ஃப்ரீட்ரிக் லிஸ்ட் என்ற ஜெர்மானியரின் தேசிய அரசியல் பொருளாதாரம் பற்றிய நூலையும் அவர் உருதுவுக்குக் கொண்டுவந்தார் என்பது அந்த அளவுக்குத் தெரியாது. 1841இல் வெளிவந்த அந்த நூல், உலகப் பல்கலைக்கழகங்களில் சர்வதேச அரசியல் பொருளாதாரம் படிக்கும் மாணவர்கள் இன்றும் தவறாமல் சந்திக்கும் நூல்.

லிஸ்டின் வாதம் எளிமையானது. பிரிட்டன் தன் தொழில்களை நீண்ட காலம் வரியாலும் சட்டத்தாலும் பாதுகாத்து வளர்த்தது. வளர்ந்த பிறகு, எல்லா நாடுகளும் தடையில்லாமல் வணிகம் செய்ய வேண்டும் என்று உபதேசம் செய்தது. மாடிக்கு ஏறியவன் ஏணியை எட்டி உதைத்துவிட்டு, கீழே இருப்பவனைக் குதித்து வரச் சொல்வது போன்றது அது. பின்தங்கிய நாடு தன் இளம் தொழில்களுக்குச் சில காலம் பாதுகாப்புக் கொடுத்தால்தான், பிறகு சமமாக நின்று வணிகம் செய்ய முடியும் என்றார் லிஸ்ட்.

இந்த வாதம் இந்தியாவுக்கு எவ்வளவு பொருந்தியது என்று பாருங்கள். 1896 முதல் வெளிநாட்டுத் துணிக்கு மூன்றரை சதவீத இறக்குமதி வரி இருந்தது. இதனால் லங்காஷயர் ஆலைகளுக்கு நஷ்டம் வந்துவிடக் கூடாது என்பதற்காக, இந்திய ஆலைத் துணி மீதும் அதே மூன்றரை சதவீத உள்நாட்டு வரியை ஆங்கிலேய அரசு போட்டது. சொந்த நாட்டுத் தொழில் வளரக் கூடாது என்பதற்காகவே போடப்பட்ட வரி அது. 1926இல்தான் அது முழுமையாக நீக்கப்பட்டது. ஜாகிர் பட்டம் பெற்றதும் அதே ஆண்டில்தான். இப்படிப்பட்ட ஒரு நூலை ஆங்கிலம் தெரிந்த சிலரோடு நிறுத்தாமல் தம் மக்களின் மொழிக்கு அவர் கொண்டுவந்ததை நாம் கவனிக்க வேண்டும். எட்வின் கானனின் தொடக்கநிலை அரசியல் பொருளாதார நூலையும் அவர் உருதுவில் தந்தார். இந்தப் படிப்பு தாய்மொழியில் கிடைத்தால்தான் சாமானிய மக்கள் அதைக் கையில் எடுப்பார்கள் என்பதில் அவருக்கு ஐயமே இல்லை.

மூடப்பட இருந்த நிறுவனம்

ஜாகிர் பெர்லினில் இருந்தபோது ஜாமிஆ தள்ளாடிக்கொண்டிருந்தது. 1924இல் துருக்கியில் கிலாஃபத் ஒழிக்கப்பட்டது. கிலாஃபத் கமிட்டியிலிருந்து வந்த பணம் வற்றியது. ஒத்துழையாமை இயக்கமும் முன்பே நிறுத்தப்பட்டிருந்தது. 1925இல் ஜாமிஆ அலிகரிலிருந்து டெல்லியின் கரோல் பாகுக்கு மாறியது. மூடிவிடலாம் என்று பொறுப்பாளர்களே பேசத் தொடங்கினார்கள்.

செய்தி பெர்லினை எட்டியது. அங்கே படித்துக்கொண்டிருந்த ஆபித் ஹுசைன், முஹம்மது முஜீப் ஆகியோருடன் கலந்து பேசிய ஜாகிர், நாங்கள் மூவரும் வந்து பணியாற்றத் தயார், மூடிவிட வேண்டாம் என்று தகவல் அனுப்பினார். பெர்லின் முனைவர் பட்டத்தோடு எங்கும் நல்ல சம்பளத்தில் சேர்ந்திருக்கலாம். மூவரும் 1926இல் திரும்பி வந்தார்கள். 29 வயதில் ஜாகிர் ஜாமிஆவின் துணைவேந்தரானார். 1948 வரை 22 ஆண்டுகள் அந்தப் பொறுப்பில் இருந்தார்.

1927 இறுதியில் ஹகீம் அஜ்மல் கான் வஃபாத்தானார். பெரும் ஆதரவு போயிற்று. ஆங்கிலேய அரசிடம் கை நீட்டுவதில்லை என்பது கொள்கை. இந்த நிலையில் ஆசிரியர்கள் ஒன்றுகூடி, மாதம் 150 ரூபாய்க்கு மேல் சம்பளம் கேட்காமல் 20 ஆண்டுகள் ஜாமிஆவில் பணியாற்றுவோம் என்று உறுதிமொழி எடுத்தார்கள். ஜாகிர் தாம் எடுத்துக்கொண்டது அந்த வரம்பைவிடவும் குறைவு. அதுவும் மாதா மாதம் வந்ததில்லை.

பொருளாதாரம் படித்தவரின் பார்வை இங்கே பயன்பட்டது. கிலாஃபத் நிதி என்ற ஒரே ஊற்றை நம்பியிருந்ததால்தான் ஜாமிஆ விழப் பார்த்தது. எனவே ஹம்தர்தானே ஜாமிஆ என்ற பெயரில் ஆதரவாளர் அமைப்பு உருவாக்கப்பட்டது. நாடெங்கும் சாதாரண மக்கள் சிறு சிறு தொகைகளைத் தொடர்ந்து தந்தார்கள். பெரிய நன்கொடைகளும் அவ்வப்போது வந்தன. ஆனாலும் ஆயிரக்கணக்கான சிறிய கைகள் தாங்கும் கட்டடம் ஒரு பெரிய கை விலகினால் விழாது. நம் ஊர்களில் பள்ளிக்கூடமும் மதரஸாவும் நடத்துகிறவர்கள் யோசிக்க வேண்டிய இடம் இது.

1935இல் ஓக்லாவில் சொந்தக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியபோது, பிரமுகர் யாரையும் அழைக்கவில்லை. ஜாமிஆவின் மிகச் சிறிய மாணவனின் கையாலேயே கல் நடப்பட்டது.

அந்த ஆண்டுகள் அவரது குடும்பத்துக்கு எளிதாக இருக்கவில்லை. தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அவர் இனிப்பு வழங்கிக்கொண்டிருந்த ஒருநாள், அவருடைய சின்ன மகள் ரைஹானா இறந்துவிட்டாள் என்ற செய்தி காதில் சொல்லப்பட்டது. பிள்ளைகளின் மகிழ்ச்சி கெடக் கூடாது என்று அவர் எதையும் காட்டிக்கொள்ளாமல் வழங்கி முடித்த பிறகே வீட்டுக்குப் போனார் என்று உடனிருந்தவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

வார்தாவில் ஒரு எச்சரிக்கை

1937 அக்டோபரில் வார்தாவில் காந்தி கூட்டிய கல்வி மாநாட்டில், கைத்தொழில் வழியாகக் கல்வி தரும் ஆதாரக் கல்வித் திட்டம் முன்வைக்கப்பட்டது. பிள்ளைகள் செய்யும் பொருளை விற்றே பள்ளிச் செலவைச் சமாளிக்கலாம் என்பது அதில் ஒரு பகுதி. கைத்தொழிலை வரவேற்ற ஜாகிர், இந்தப் பகுதியில் இருந்த ஆபத்தை மாநாட்டிலேயே சுட்டிக்காட்டினார். வருமானத்தில் கண் வைத்தால் ஆசிரியர் கங்காணியாகி, ஏழைப் பிள்ளைகளின் உழைப்பு சுரண்டப்படும் என்பது அவர் கவலை. காந்தியின் முன்னிலையில் மாற்றுக் கருத்தைச் சொன்னவரையே பாடத்திட்டக் குழுவுக்குத் தலைவராக்கினார்கள். முஸ்லிம் லீக் தரப்பிலிருந்து அத்திட்டத்துக்குக் கடுமையான எதிர்ப்பு வந்தது. சமுதாயத்துக்குள்ளேயே விமர்சனத்தைத் தாங்கிக்கொண்டு அவர் பணியைத் தொடர்ந்தார்.

1940களின் நடுவில் டெல்லிப் பல்கலைக்கழகத்தில் முதலாளித்துவம் குறித்துத் தொடர் சொற்பொழிவுகள் ஆற்றினார். பின்னர் அவை நூலாயின. ஜாமிஆவின் அன்றாடச் செலவுக்கு அலைந்துகொண்டிருந்த நாட்களிலும் அவரது படிப்பு நிற்கவில்லை என்பதற்கு அதுவே சாட்சி.

பிரிவினையின் நெருப்பு

1946 நவம்பரில் ஜாமிஆவின் வெள்ளி விழா. நேருவும் ஜின்னாவும் லியாகத் அலி கானும் ஒரே மேடையில் அமர்ந்தார்கள். நாடெங்கும் பரவிக்கொண்டிருந்த வெறுப்பின் தீயை அணையுங்கள் என்று அத்தனை பேர் முன்னிலையிலும் ஜாகிர் உருக்கமாகக் கேட்டுக்கொண்டார். தீ அணையவில்லை.

1947இல் கலவர நாட்களில் ரயிலில் பயணம் செய்த அவர், ஜலந்தர் நிலையத்தில் கொலையின் விளிம்புவரை சென்றார். ஒரு சீக்கிய ராணுவ அதிகாரியும் ஒரு இந்து ரயில்வே ஊழியரும் அவரைக் காப்பாற்றினார்கள். டெல்லி கரோல் பாகில் இருந்த ஜாமிஆவின் புத்தக நிலையம் எரிந்து சாம்பலானது. அவரது தம்பிகளில் ஒருவரான மஹ்மூத் ஹுசைன் பாகிஸ்தானைத் தேர்ந்தெடுத்து அங்கே கல்வி அமைச்சரானார். ஜாகிர் இங்கேயே இருந்தார். வீடிழந்து வந்த மக்களுக்கான பணியில் ஜாமிஆவினர் இறங்கினார்கள்.

1948இல் அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் பொறுப்பு அவரிடம் வந்தது. 1920இல் எதிர்த்து வெளியேறிய அதே வளாகம். பிரிவினைக்குப் பின் சந்தேகக் கண்ணோடு பார்க்கப்பட்ட அந்த நிறுவனத்தை 1956 வரை காத்து நிமிர்த்தினார். திருத்தணியில் பிறந்த டாக்டர் ராதாகிருஷ்ணன் தலைமையிலான பல்கலைக்கழகக் கல்வி ஆணையத்திலும், சென்னையின் டாக்டர் ஏ. லட்சுமணசாமி முதலியாருடன் அவரும் உறுப்பினராக இருந்தார்.

1957இல் பீகார் ஆளுநர், 1962இல் குடியரசுத் துணைத் தலைவர், 1963இல் பாரத ரத்னா. 1967 மே 13 அன்று ராதாகிருஷ்ணனுக்குப் பின் குடியரசுத் தலைவராகப் பொறுப்பேற்றார். 1969 மே 3 அன்று பதவியிலிருக்கும்போதே வஃபாத்தானார். நாட்டின் எந்தப் பெரிய நினைவிடத்திலும் இல்லாமல், தம் வாழ்வைக் கொடுத்த ஜாமிஆ வளாகத்திலேயே நல்லடக்கம் செய்யப்பட்டார்.

நம் பிள்ளைகளுக்கு என்ன இருக்கிறது?

ஜாகிர் ஹுசைன் பெயரில் நம் இளையான்குடியில் கல்லூரி இருக்கிறது. அந்தப் பெயரை உச்சரிக்கும்போது, பொருளாதாரம் படித்த ஒருவரின் பெயர் அது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்வோம். அவர் காத்த ஜாமிஆவில் இன்று பொருளாதாரத் துறையும், மவ்லானா முஹம்மது அலி ஜவ்ஹர் பெயரில் சர்வதேச ஆய்வுகளுக்கான அகாடமியும் இருக்கின்றன. டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் சர்வதேச வணிகம், வளர்ச்சி ஆகியவற்றுக்கென்றே தனி மையம் இருக்கிறது. வரலாறோ பொருளாதாரமோ அரசியலோ இளங்கலையில் ஆர்வத்தோடு படித்த பிள்ளைக்கு இந்தக் கதவுகள் திறந்திருக்கின்றன. கணக்கும் ஆங்கிலமும் கொஞ்சம் கூடுதலாக உழைத்துக் கற்க வேண்டும், அவ்வளவுதான்.

வேலை கிடைக்குமா என்ற பெற்றோரின் கேள்வியை நாம் குறை சொல்ல மாட்டோம். கடன் வாங்கிப் படிக்கவைக்கும் வீட்டில் அது நியாயமான கேள்வி. வங்கி, ஆய்வு நிறுவனம், பத்திரிகை, குடிமைப் பணி, ஏற்றுமதி நிறுவனம், பல்கலைக்கழகம் எனப் பல இடங்களில் இப்படிப்புக்கு வேலை இருக்கிறது என்பதும் உண்மை. பொறியியல் படித்ததும் கிடைப்பது போல நேரான பாதை இதில் இல்லை என்பதும் உண்மை. இரண்டையும் பிள்ளையோடு உட்கார்ந்து பேசியே முடிவெடுக்க வேண்டும்.

அதோடு இன்னொரு கேள்வியையும் நாம் கேட்க வேண்டியிருக்கிறது. கடல் கடந்து வணிகம் செய்த சமுதாயம் நாம். இன்றும் பல குடும்பங்களின் அடுப்பு வெளிநாட்டு வருமானத்தில் எரிகிறது. அப்படியிருந்தும் அந்த வருமானத்தின் போக்கைத் தீர்மானிக்கும் ஒப்பந்தங்களையும் வரிகளையும் நாணயக் கொள்கைகளையும் படித்துப் புரிந்து, நம் மொழியில் நமக்கு எடுத்துச் சொல்பவர்கள் நம்மிடையே எத்தனை பேர்? நூறு மருத்துவர்களும் நூறு பொறியாளர்களும் நமக்கு வேண்டும். அவர்களோடு இப்படிப் படித்த பத்துப் பேராவது வேண்டாமா?

அடுத்த முறை ஒரு பிள்ளை பொருளாதாரம் படிக்க ஆசைப்படுகிறேன் என்று தயங்கித் தயங்கிச் சொன்னால், உடனே மறுத்துவிடாமல் காது கொடுத்துக் கேட்போம். மருத்துவப் படிப்பு நின்றுபோனதும் ஜாகிரின் கதை முடிந்துவிட்டதென்று விட்டிருந்தால், பெர்லினிலிருந்து ஜாமிஆவுக்கு வந்த அந்தத் தகவலை அனுப்ப ஆள் இருந்திருக்காது. அல்லாஹ் அவருடைய பணிகளை ஏற்றுக்கொள்வானாக. நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியைத் தருவானாக.